ஐந்து வாரம் ஊருக்குப் போகிறோம், டிஜிட்டல் பூட்டு போதுமா?

வாசகர் கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் பழைய புளோக் ஒன்றின் இரண்டாம் மாடியில், பொதுத் தாழ்வாரத்தை ஒட்டிய நான்கறை வீட்டில் இருக்கிறோம். டிசம்பரில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு ஐந்து வாரம் திருச்சி போகிறோம். இரும்பு கேட்டில் தொங்குபூட்டு, மரக்கதவில் உருண்டைப் பிடிப் பூட்டு, இவ்வளவுதான் இப்போது இருப்பது. கேட்டுக்கும் கதவுக்கும் சேர்த்து டிஜிட்டல் பூட்டு 1,600 வெள்ளி, கேமரா 200 வெள்ளி என்று ஒரு கடையில் சொன்னார்கள். அதை மாட்டிவிட்டால் போதுமா? பீரோவில் 25 பவுன் நகை இருக்கிறது. "சிங்கப்பூரில் யார் திருட வருவான், பழைய பூட்டே போதும்" என்கிறார் என் கணவர். பள்ளி முடிந்து தனியாக வரும் 13 வயது மகள் அடிக்கடி சாவியைத் தொலைப்பதால், வெளியே செருப்பு அலமாரியில் ஒரு சாவி வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம், ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் போய் அந்தச் செருப்பு அலமாரிச் சாவியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். செருப்பு அலமாரி, பூந்தொட்டி, கால்மிதி, மின்மீட்டர் பெட்டி, வாசல் நிலையின் மேல்விளிம்பு என்று சாவி ஒளிக்க நமக்குத் தோன்றும் இடங்கள் ஐந்தாறுதான். தேடுகிறவனுக்கும் அதே ஐந்தாறுதான் தோன்றும். இன்னொன்றும் உண்டு. சாவி போட்டுத் திறந்து நடந்த திருட்டுக்குக் காப்புறுதிப் பணம் கிடைப்பது கடினம். வீட்டுப் பொருள்களுக்கான பெரும்பாலான திட்டங்கள், பூட்டையோ கதவையோ ஜன்னலையோ உடைத்து நுழைந்ததற்கான தடயம் கேட்கும்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. வீடு புகுந்து திருடுவது இங்கே குறைவுதான். ஆனால் இல்லாமல் போகவில்லை. 2024 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 4 வரை, புக்கிட் தீமா சாலையையும் பழைய ரயில் பாதைத் தடத்தையும் ஒட்டிய தனியார் குடியிருப்புகளில் 10 வீடுகளில் புகுந்து, 3.85 மில்லியன் வெள்ளிக்கும் மேல் களவாடியிருந்தார்கள். குறுகியகால வருகை அனுமதியில் வந்த வெளிநாட்டுக் கும்பல்கள் அதன் பின்னணியில் இருந்ததாகப் போலிஸ் அறிவித்தது. சுற்றுச்சுவர் ஏறி, ஆளில்லாத வீடாகப் பார்த்துப் புகுவதுதான் அவர்கள் முறை. ஈசூன் புளோக்குக்கு யாரும் சுவரேறி வரப்போவதில்லை. ஆனால் ஐந்து வாரம் ஆளில்லாத வீடு என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

கடைக்காரர் சொன்ன பட்டியல் தவறில்லை, அதன் வரிசைதான் தவறு. உங்கள் கேட்டிலும் கதவிலும் இப்போது இருக்கும் ஓட்டைகளை அடைக்காமல் அதன்மேல் 1,600 வெள்ளிப் பூட்டு மாட்டினால், ஓட்டை அப்படியே இருக்கும். எனவே கேட்டிலிருந்து தொடங்குவோம்.

வெளிப்பக்கம் தொங்கும் பூட்டு, "வீட்டில் ஆளில்லை" என்று எழுதி மாட்டிய பலகை. உள்ளே ஆள் இருந்தால் யாரும் வெளியே பூட்டித் தொங்கவிட மாட்டார்கள் அல்லவா? கேட்டுக்குள்ளேயே பொருந்திய, உள்ளிருந்தாலும் வெளியிலிருந்தாலும் ஒரே மாதிரி தெரியும் பூட்டு இதனாலேயே மேல். தொங்குபூட்டையே தொடர்வதென்றால் அதன் வளையத்தைப் பாருங்கள். 6 மி.மீ. வளையத்தைக் கையடக்க போல்ட் கட்டர் வெண்ணெய்போல் நறுக்கிவிடும். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனான, கடினப்படுத்திய எஃகு வளையம் வேண்டும். தடிமனைவிட முக்கியம், வளையம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்பது. பூட்டின் உடம்பே தோள்போல உயர்ந்து வளையத்தை மூடும் வகையும், வட்டத் தட்டு வடிவப் பூட்டும் கட்டருக்கு வாய் வைக்க இடம் தராது. அடுத்து, பூட்டு மாட்டும் நாதாங்கி. நல்ல பூட்டை ரிவெட் அடித்த மெல்லிய தகட்டு நாதாங்கியில் மாட்டினால், பூட்டை விட்டுவிட்டு நாதாங்கியைப் பெயர்ப்பான். பற்றவைத்த நாதாங்கிதான் சரி.

வீட்டில் இருக்கும்போது பூட்டைத் திறந்து கேட்டிலேயே தொங்கவிடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அதேபோன்ற வேறொரு பூட்டை வைத்துவிட்டு உங்களுடையதை எடுத்துப் போவது பழைய தந்திரம். நீங்கள் அவன் பூட்டை அமுக்கிவிட்டு வெளியே போவீர்கள், அவன் தன் சாவியைப் போட்டு நிதானமாகத் திறப்பான்.

கேட்டின் கீல் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பழைய கேட்டுகள் பல, கீழிருந்து நிற்கும் முளையில் மேலிருந்து செருகி மாட்டியவை. கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, அடிச்சட்டத்தை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு மி.மீ. ஆடினால் பரவாயில்லை. ஒரு செ.மீ.க்கு மேல் எழும்பினால், பூட்டைத் தொடாமலே கேட்டைக் கழற்றிவிடலாம் என்று பொருள். மேல்கீலுக்கு மேலே ஒரு சிறு இரும்புத் துண்டைப் பற்றவைத்தால் முடிந்தது, வெல்டிங்காரருக்குப் பத்து நிமிட வேலை. கீலின் ஆணி வெளியே தெரிந்தால், அது உருவிவராதபடி அதன் தலையிலும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது மரக்கதவு. உருண்டைப் பிடிப் பூட்டில் கதவின் விளிம்பைப் பார்த்தால் சரிந்த முகமுள்ள ஸ்பிரிங் நாக்கு தெரியும். சற்று நல்ல பூட்டாக இருந்தால் அதன் பக்கத்தில் அரைவட்டமாக இன்னொரு சிறு குச்சியும் ஒட்டி நிற்கும். அது அலங்காரமில்லை. கதவு மூடியிருக்கும்போது நிலையில் அடித்த தகடு அந்தக் குச்சியை உள்ளே அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தப்பட்டிருக்கும்வரை பெரிய நாக்கு உள்ளே போகாது. அதாவது நிலைக்கும் கதவுக்கும் இடையில் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து நாக்கைத் தள்ள முடியாது. நடப்பது என்ன? பூட்டு பொருத்தியவர் தகட்டின் ஓட்டையை வசதிக்காகப் பெரிதாக்கியிருப்பார், அல்லது காலப்போக்கில் கதவு தொய்ந்திருக்கும். குச்சியும் நாக்கோடு சேர்ந்து ஓட்டைக்குள் விழுந்துவிடும். அப்புறம் பஸ், ரயிலில் தட்டும் பழைய ஈசி லிங்க் அட்டையே போதும், கதவு திறக்க.

உங்கள் கதவில் இதைச் சோதிக்கக் கொஞ்சம் குங்குமம் போதும். எண்ணெயில் குழைத்துக் குச்சியின் நுனியில் தடவி, கதவை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். சிவப்பு தகட்டின்மேல் பதிந்திருந்தால் பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறது. தகட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் குச்சி ஓட்டைக்குள் போகிறது. தகட்டைக் கழற்றி இரண்டு மூன்று மி.மீ. நகர்த்தியோ, ஓட்டை சிறிதான தகடு வாங்கியோ சரிசெய்யலாம். குச்சியே இல்லாத பூட்டாக இருந்தால் அதைப் படுக்கையறைக்கு மாற்றிவிடுங்கள், வாசலுக்கு ஆகாது.

குச்சி சரியாக இருந்தாலும் ஸ்பிரிங் நாக்கை மட்டும் நம்பி ஐந்து வாரம் போகக் கூடாது. சாவியால் திருகினால் நீளமாக வெளிவரும் டெட்போல்ட் தாழ் ஒன்று தனியாக வேண்டும். தாழ் குறைந்தது 25 மி.மீ. வெளியே வர வேண்டும். இங்கேயும் பூட்டைவிட எதிர்ப்பக்கம்தான் தோற்கும். மர நிலையாக இருந்தால், தகட்டோடு பெட்டியில் வரும் 15, 20 மி.மீ. திருகாணி ஒரே உதையில் மரத்தைப் பிளந்துகொண்டு வரும். 75 மி.மீ. திருகாணி போட்டால் நிலையைத் தாண்டிச் சுவரில் பிடிக்கும். சுவர் கான்கிரீட் என்பதால் துளையில் ரால் பிளக் (திருகாணியை இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை) வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீளத்தால் பயனில்லை. இரும்புத் தகட்டு நிலையாக இருந்தால் வேறு சிக்கல். தாழ் போகும் ஓட்டைக்குப் பின்னால் கட்டுமானக் காலத்துச் சிமெண்ட் அடைத்துக்கொண்டிருக்கும், தாழ் பாதியில் நிற்கும். சாவி முழுச்சுற்று வராமல் நின்றால் அதுதான் காரணம். பென்சிலை விட்டு ஆழம் பார்த்து, உளியால் தட்டி எடுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. மாடிப்படிக்கோ மின்தூக்கிக்கோ அருகில் உள்ள வீடுகள் பலவற்றின் வாசல் கதவு, அரை மணி நேரம் தீயைத் தாங்கும் கதவு. கதவின் விளிம்பில் சான்றுச் சீட்டு ஒட்டியிருக்கிறதா, தானாக மூடவைக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கண்ட பூட்டையும் வைத்துக் கண்ட இடத்தில் ஓட்டை போடக் கூடாது. அவ்வகைக் கதவோடு சேர்த்துச் சோதிக்கப்பட்ட பூட்டா என்று கேட்டு வாங்குங்கள். பூட்டு விற்பவர் "எல்லாக் கதவுக்கும் ஒத்துவரும்" என்றால் எழுத்தில் கேளுங்கள்.

டிஜிட்டல் பூட்டுக்கு வருகிறேன். நேராகச் சொன்னால், அது பாதுகாப்பைக் கூட்டுவதைவிட வசதியைக் கூட்டுவது. ஆனால் உங்கள் வீட்டில் அந்த வசதியே ஒரு பாதுகாப்பு, ஏனென்றால் மகளுக்குச் சாவி தேவைப்படாது. அந்தக் காரணத்துக்காக வாங்குங்கள். வாங்கினால் கேட்டுக்கும் கதவுக்கும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றுக்குக் குறியெண், இன்னொன்றுக்குச் சாவி என்றால் செருப்பு அலமாரி மறுபடி நினைவுக்கு வரும். புறப்படுவதற்கு மூன்று வாரமாவது முன்னதாக மாட்டிவிடுங்கள். முதல் இரண்டு வாரத்தில்தான் கோளாறு தலைகாட்டும்.

கேட்டு டிஜிட்டல் பூட்டின் பெரிய பலவீனம் அதன் உள்பக்கம். உள்ளே இருந்து ஒரு பொத்தானை அழுத்தினாலோ பிடியைத் திருகினாலோ திறக்கும். கேட்டோ கம்பி இடைவெளி உள்ளது. பூட்டிவிட்டு வெளியே நின்று, உங்கள் மகளின் மெல்லிய கையைக் கம்பிக்குள் விட்டு அந்தப் பொத்தானைத் தொடச் சொல்லிப் பாருங்கள். கை எட்டாவிட்டாலும், துணி மாட்டும் ஹேங்கரை நீட்டி வளைத்த கம்பி எட்டும். பூட்டைச் சுற்றி நாலாபக்கமும் 40 செ.மீ. அளவுக்கு 304 ரக எவர்சில்வர் வலைத்தகடோ, 4, 5 மி.மீ. பாலிகார்பனேட் தகடோ உள்பக்கமாக அடைக்க வேண்டும். அக்ரிலிக் வேண்டாம், தட்டினால் உடையும். சில மாதிரிகளில் வெளியே போகும்போது உள்பொத்தானைச் செயலிழக்கச் செய்யும் வசதி உண்டு. வாங்கும்முன் கேளுங்கள்.

பொருத்திய அன்றே செய்ய வேண்டியவை சில. கையேட்டில் அச்சிட்ட மூலக் குறியெண்ணை மாற்றுங்கள். பொருத்துபவர் சோதனைக்காகப் பதிந்த தன் கைரேகையையும் மாதிரி அட்டையையும் உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். சங்கடப்படாதீர்கள், நல்ல தொழிலாளி கேட்காமலே செய்வார். குறியெண்ணுக்கு முன்னும் பின்னும் வேண்டாத எண்களைச் சேர்த்து அழுத்தினாலும் திறக்கும் வசதி இருந்தால் மகளுக்கு அதைப் பழக்குங்கள். தினமும் அதே நான்கு எண்களைத் தொட்டால் அவற்றில் மட்டும் விரல் எண்ணெய் படிந்திருக்கும், கைப்பேசி விளக்கைச் சாய்த்து அடித்தால் பளிச்சென்று தெரியும்.

பேட்டரி பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு ஏஏ அல்கலைன். ரீசார்ஜ் பேட்டரி போடாதீர்கள். அதன் அழுத்தம் 1.2 வோல்ட்தான் என்பதால் பூட்டு எப்போதும் "பேட்டரி குறைவு" என்று கத்தும், அல்லது திடீரென்று நிற்கும். பழையதும் புதியதும் கலக்காதீர்கள். ஊருக்குப் போகும் முந்தைய நாள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். திரும்பிவரும்போது பேட்டரி செத்திருந்தால், பல பூட்டுகளின் அடியில் 9 வோல்ட் சதுர பேட்டரியை ஒட்டிப் பிடிக்க இரண்டு புள்ளிகளோ யூஎஸ்பி வாயோ இருக்கும். உங்கள் பூட்டில் எது என்று இப்போதே பார்த்து, அதற்கு வேண்டியதைப் பயணக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தானாகப் பூட்டும் பூட்டு, கதவு முழுக்க மூடினால்தான் பூட்டும். காற்றடிக்கும் தாழ்வாரத்தில் கதவு ஒரு செ.மீ. திறந்தபடி நிற்க, தாழ் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும். மழைக்காலத்தில் மரம் ஊறி உராய்ந்தாலும் இதே கதைதான். "பீப்" சத்தத்தை நம்பாமல், கிளம்பும்போது கதவை ஒருமுறை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பாருங்கள்.

ஜன்னலைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை, ஆனால் தாழ்வார வீட்டில் அதுவும் ஒரு வாசல். தாழ்வார ஜன்னலில் கம்பி இருக்கும், ஆள் நுழைய முடியாது. கொம்பு நுழையும். ஒன்றரை மீட்டர் குச்சியின் நுனியில் கொக்கி கட்டினால், மேசையில் இருக்கும் கைப்பையையும், சுவரில் மாட்டியிருக்கும் சாவிக்கொத்தையும் கம்பிக்கு வெளியே இழுத்துவிடலாம். நீங்கள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கும்போதும்தான். சாவி, பை, கைப்பேசி மூன்றும் ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டருக்கு அப்பால், ஆனால் தீ விபத்தில் இருட்டில் தடவினாலும் கிடைக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கேட்டை உள்ளிருந்து பூட்டிச் சாவியைப் பீரோவில் வைப்பவர்களை நினைத்தால் திருடனைவிட எனக்கு அதுதான் பயம்.

கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய பழைய ஜன்னலாக இருந்தால், பட்டையை வெளியிலிருந்தே நிமிர்த்தி உருவலாம். உள்பக்கக் கம்பிதான் அதற்குப் பாதுகாப்பு. கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணித் தலை வெளியிலிருந்து எட்டாதபடி இருக்கிறதா பாருங்கள். பிறகு பின்பக்கம் போய்க் கீழே எட்டிப் பாருங்கள். நடைபாதைக் கூரையோ வாகனம் நிற்கும் முகப்பின் கூரையோ உங்கள் ஜன்னலுக்கு அருகில் இருந்தால், இரண்டாம் மாடி என்பது ஏணி வைத்த மாடி. அந்தப் பக்கத்துக்கு "கண்ணுக்குத் தெரியாத கம்பி" விற்பவர்கள் வருவார்கள். இரண்டு மூன்று மி.மீ. எவர்சில்வர் வடம் அது. குழந்தை விழாமல் தடுக்கும், வடம் வெட்டும் கத்தரியோடு வருகிறவனைத் தடுக்காது. கூரைக்கு எட்டும் ஜன்னலுக்கு நிஜக் கம்பியே போடுங்கள்.

கேமரா வாங்குங்கள், ஆனால் கடைசியாக. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் 2023 மே முதல், தாழ்வாரத்தை நோக்கிய கேமராவுக்கு முன் அனுமதி தேவையில்லை. அண்டை வீட்டுக் கதவையோ ஜன்னலையோ அது பார்க்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எதிர்வீடு இல்லாத தாழ்வாரத்தில் இது எளிது. பக்கவாட்டில் திருப்பாமல் உங்கள் கேட்டை நோக்கிச் சாய்த்து, இரண்டேகால் மீட்டர் உயரத்தில் வையுங்கள். அதற்கு மேல் போனால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதியும். புளோக்கின் கீழ்த்தளத்திலும் மின்தூக்கி முகப்பிலும் போலிஸ் கேமராக்கள் இருப்பதால், உங்களுடையது வாசலை மட்டும் தெளிவாகப் பார்த்தால் போதும். இணையப் பாதுகாப்பு அமைப்பின் தர முத்திரை உள்ள கேமராவாக வாங்கி, கூடவே வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2020இல் இங்குள்ள வீடுகளுக்குள்ளிருந்த கேமராக்களின் பதிவுகள் களவாடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டன. அதனால் படுக்கையறைப் பக்கம் கேமராவே வேண்டாம்.

இதில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு: ஊருக்குப் போகும்போது மின்பெட்டியில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போவது. இணையப் பெட்டியும் கேமராவும் அந்த நொடியே கண் மூடிவிடும். தண்ணீர் சூடாக்கி, குளிர்சாதனம், அடுப்பு ஆகியவற்றின் சுவிட்சுகளை மட்டும் இறக்குங்கள். எது எதற்கு என்று இப்போதே பார்த்துச் சீட்டு ஒட்டிவிடுங்கள், விமான நிலையத்துக்கு டாக்சி வந்து நிற்கும்போது அல்ல. மின்சாரம் இருக்கும்போதே, கார்நிறுத்தப் பக்க அறையில் 5 வாட் விளக்கு ஒன்றை டைமர் பிளக்கில் மாட்டி, இரவு ஏழேகாலிலிருந்து பதினொன்றேகால் வரை எரியவிடுங்கள். 35 நாளுக்கு மொத்தம் 0.7 யூனிட்தான்.

நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பூட்டெல்லாம் சரிசெய்த பிறகும் இதுதான் என் பதில். 25 பவுன் என்பது 200 கிராம், ஒரு டப்பாவில் அடங்கிச் சட்டைப்பைக்குள் போகும் சொத்து. பீரோ, அரிசி டின், சாமி அறைப் படத்தின் பின்புறம், துணியடுக்கின் அடி: இவையெல்லாம் செருப்பு அலமாரியின் உள்வீட்டுத் தம்பிகள். சின்ன இரும்புப் பெட்டகம் வாங்கலாமா என்றால், 15 கிலோ பெட்டகத்தைப் பயணப்பெட்டியில் வைத்து உருட்டிப் போய்விடலாம். தரையில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டுமானால், ஓட்டுக்கும் கலவைப் பூச்சுக்கும் கீழே கான்கிரீட்டில் அது இறங்க வேண்டும், தரைக்குள் ஓடும் குழாய்களையும் பார்க்க வேண்டும். ஐந்து வாரத்துக்காக இவ்வளவு வேண்டாம்.

வங்கிப் பாதுகாப்புப் பெட்டி நல்ல வழி, ஆனால் பல கிளைகளில் காத்திருப்புப் பட்டியல் இருக்கும், இன்றே கேளுங்கள். தனியார் பெட்டக நிறுவனங்களும் உண்டு. எங்கே வைத்தாலும் பெட்டிக்குள் இருப்பதற்குக் காப்புறுதி தனி என்பதை மறக்காதீர்கள். நம்மவர்களில் சிலர் வேறொன்று செய்வார்கள்: உரிமம் பெற்ற அடகுக் கடையில் நகையைச் சிறு தொகைக்கு அடகு வைத்துவிட்டு ஊருக்குப் போவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், கணக்கு சரியாகத்தான் வருகிறது. சட்டப்படி மாத வட்டி 1.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 300 வெள்ளிக்கு வைத்தால் மாதம் நாலரை வெள்ளி. கடைக்காரர் அவ்வளவு சிறிய தொகைக்குச் சம்மதிக்க வேண்டும். நகைக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு முழு மதிப்புக்கா, அடகுத் தொகையை வைத்தா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மீட்கும் கெடுவையும் குறித்து வையுங்கள்.

கல்யாணத்துக்குப் போட வேண்டியதைத்தான் எடுத்துப் போவீர்கள். போகும் முன் ஒவ்வொரு நகையையும் வெள்ளைத் துணியில் வைத்து, பக்கத்தில் அளவுகோலோடு படமெடுங்கள். எடை, வாங்கிய கடை ரசீது, கொக்கியில் உள்ள முத்திரை எல்லாம் படத்தில் வரட்டும். படங்களை வீட்டுக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள், திருடன் கணினியையும் எடுத்துப் போவான்.

காப்புறுதிப் பத்திரத்தில் இரண்டு எண்ணைத் தேடுங்கள். ஒன்று, வீடு தொடர்ந்து எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்பது. 30 என்று இருந்தால் உங்கள் 35 நாளில் கடைசி ஐந்து நாள் வெளியே நிற்கும், முன்கூட்டித் தெரிவித்து நீட்டிக்கக் கேளுங்கள். இன்னொன்று, நகைக்கான தனி உச்சவரம்பு. மொத்தத் தொகை பெரிதாக இருக்கும், நகைக்கு அதில் ஒரு துண்டுதான் ஒதுக்கியிருப்பார்கள். "வீவக தீக் காப்புறுதி இருக்கிறதே" என்பார் உங்கள் கணவர். அது கட்டடத்துக்கும் வீவக பொருத்திக் கொடுத்தவற்றுக்கும்தான், உங்கள் பொருள்களுக்கு இல்லை.

வாசலில் தெரியும் அடையாளங்கள் சில உண்டு. கேட்டில் செருகிய விளம்பரத்தாள் நான்கு நாளாக அப்படியே இருப்பதும், அஞ்சல் பெட்டி வழிவதும் எல்லாருக்கும் தெரிந்தது. நம் வீடுகளுக்கென்றே ஒன்று இருக்கிறது: வாடிச் சுருண்ட மாவிலைத் தோரணம். தினமும் கோலம் போடும் வாசலில் திடீரென்று கோலம் நிற்பதும் அப்படித்தான். கிளம்பும் அன்று தோரணத்தைக் கழற்றிவிடுங்கள். ஒட்டும் கோலத்தாள் இருந்தால் அதை விட்டுப் போங்கள். அஞ்சல் பெட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, விளம்பரத்தாளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். அவருடைய செருப்பு ஒரு ஜோடியை உங்கள் வாசலில் விட்டு வைத்தாலும் நல்லது. செருப்பு அலமாரியே பெரிதாக இருந்தால், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீப்பாதுகாப்பு விதி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாங்கி முனையத்தில் குடும்பப் படம் எடுங்கள், ஊரிலிருந்து திரும்பிய பிறகு பதிவிடுங்கள்.

மகளுக்கு ஒரு விஷயம். மீட்டர் பார்க்க, குழாய் சோதிக்க, வீவகவிலிருந்து என்று யார் வந்தாலும் கேட்டைத் திறக்க வேண்டாம். அட்டையைக் கம்பிக்கு வெளியே காட்டச் சொல்லி, அட்டையில் உள்ள எண்ணை அழைக்காமல், அந்த அலுவலகத்தின் பொது எண்ணை அவளே தேடி உங்களையோ அலுவலகத்தையோ அழைக்கட்டும். பெரும்பாலான புளோக்குகளில் மின்மீட்டரும் தண்ணீர் மீட்டரும் வெளியேதான் இருக்கின்றன, அளவெடுக்க உள்ளே வர வேண்டிய வேலையே இல்லை. தனியாக இருக்கும்போது யாராவது கதவை நோண்டினால் போலிஸ் அவசர எண் 999. பேச முடியாத நிலை என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி. முகவரியும் வீட்டு எண்ணும் செய்தியின் முதல் வரியில் இருக்க வேண்டும். இப்போதே வரைவாக எழுதி அவள் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள்.

திரும்பிவரும்போது கேட் நெம்பியிருந்தால் உள்ளே நுழையாதீர்கள், "என்ன போச்சு" என்று பீரோவைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம், இல்லாவிட்டாலும் ரேகை இருக்கும். எதையும் தொடாமல் மின்தூக்கிப் பக்கம் நகர்ந்து 999ஐ அழையுங்கள். போலிஸ் பார்த்து முடித்த பிறகு, நகைப் படங்களைக் கொடுத்து, காணாமல் போனவற்றைப் பட்டியலிடுங்கள். புகார் எண்ணைக் காப்புறுதி நிறுவனம் கேட்கும்.

எல்லாம் நலமாக இருந்தால், பெட்டியை இறக்கி வைத்த கையோடு ஒரு வேலை. அவசரத்துக்கென்று பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தற்காலிகக் குறியெண் கொடுத்திருந்தால், அதைப் பூட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். கொடுக்கும்போதே "வந்ததும் எடுத்துவிடுவேன், அக்கா" என்று சொல்லிவைத்தால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வந்தால் இன்னும் நல்லது.